எதைத்தான் சாப்பிடவில்லை?

மனிதர்கள் சோறு சாப்பிடுகிறார்கள், சப்பாத்தி சாப்பிடுகிறார்கள். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் தொப்பியைச் சாப்பிடுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? காற்றைச் சாப்பிடுகிறவர்கள்? சத்தியத்தைச் சாப்பிடுகிறவர்கள்? வயதைச் சாப்பிடுகிறவர்கள்? இவர்கள் எல்லாரையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமானால் தேசம் முழுக்கச் சுற்ற வேண்டாம். பூந்தமல்லியில் பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூரில் இறங்கினால் போதும்.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஒரு காலத்தில் நமக்கெல்லாம் ராமானுஜர் அவதரித்த தலம் என்ற ஞாபகம்தான் வரும். சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். காலையில் கிளம்பிப் பெருமாளைச் சேவித்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் வீடு திரும்பலாம். 1996-ல் ஹுண்டாய் கம்பெனியார் பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தார்கள். 1998-ல் அங்கிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. அதற்குப் பிறகு வந்தவர்களுக்குக் கணக்கில்லை. சாம்சங் வந்தது. ஒரகடம் பக்கம் ரெனோ-நிஸான் கார், டைம்லர் லாரி, ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள். வல்லம் வடகாலில் யமஹா. சுங்குவார்சத்திரம் பக்கம் டெலிபோன் செய்யும் பாக்ஸ்கான். இன்றைக்குக் கடைப் பலகைகளில் தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் பக்கத்தில் கொரிய எழுத்து கட்டம் கட்டமாக உட்கார்ந்திருக்கிறது. டீக்கடை பெஞ்சில் ஒரு பக்கம் பீகார்க்காரர், ஒரு பக்கம் வங்காளி, ஒரு பக்கம் ஒடிசாக்காரர். நடுவில் நம் தூத்துக்குடிப் பிள்ளையாண்டான்.

இத்தனை பாஷைக்காரர்களும் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள்? பாதி இங்கிலீஷ், கால் ஹிந்தி, கால் ஜாடை! காரியம் நடந்துவிடுகிறது. ஆனால் ஒரு இடத்தில் மட்டும் வண்டி சக்கென்று நின்றுவிடும். அகராதியில் இருக்கும் அர்த்தத்தை விட்டுவிட்டு ஒரு சொல் வேறு வேலைக்குப் போய்விடும் இடம்தான் அது. மரபுத்தொடர் என்று பண்டிதர்கள் சொல்வார்கள். நாம் 'பேச்சு வழக்கம்' என்று வைத்துக்கொள்வோம்.

சமையலறைச் சொல்லாகவே ஒன்றை எடுத்துக்கொண்டு பார்க்கலாமே! 'சாப்பிடு' என்பதைவிடச் சாதாரணமான சொல் உண்டா?

தொப்பி தின்னும் துரைமார்

முதலில் இங்கிலீஷ்காரர். 'அவன் பரீட்சையில் தேறிவிட்டால் நான் என் தொப்பியைச் சாப்பிடுகிறேன்' என்பது அவர்கள் சபதம். அவன் தேறவே மாட்டான் என்பது தாத்பரியம். நம் ஊரில் தொப்பிக்கு ஆபத்தில்லை, மீசைக்குத்தான் ஆபத்து! 'அவன் மட்டும் பாஸ் பண்ணட்டும், ஒரு பக்க மீசையை எடுத்துவிடுகிறேன்' என்பார் மாமா. மீசை இல்லாத அத்தை என்ன செய்வாள்? 'என் பேரை மாற்றிக் கூப்பிடு' என்பாள்.

'கேக்கைக் கையிலும் வைத்துக்கொள்ள வேண்டும், சாப்பிடவும் வேண்டும் என்றால் எப்படி?' என்று இங்கிலீஷில் கேட்பார்கள். இதற்குத் தமிழ் தேடி அலையவே வேண்டாம். 'கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை!' இங்கேயும் மீசை வந்துவிட்டது, பாருங்கள்.

'பணிவுப் பணியாரம் சாப்பிட்டான்' என்று ஒன்று இருக்கிறது. 'ஹம்பிள் பை' என்பார்கள். பழைய நாளில் மானின் ஈரல், குடல் முதலியவற்றுக்கு இங்கிலாந்தில் 'அம்பிள்ஸ்' என்று பெயர். அதை வைத்துச் செய்த பணியாரம் ஏழை எளியவர் சாப்பாடு. பணிவு என்ற அர்த்தமுள்ள 'ஹம்பிள்' என்ற சொல்லும் காதுக்கு அதே மாதிரி விழுந்ததால் இரண்டும் ஒட்டிக்கொண்டன. இறுமாப்பாகப் பேசியவர் பிறகு தலைகுனிந்து தம் தப்பை ஒப்புக்கொண்டால், அவர் அந்தப் பணியாரத்தைச் சாப்பிட்டார் என்பது வழக்கு. நம்மிடம் சாப்பாடு இல்லை, சத்திர சிகிச்சைதான்: 'மூக்கறுபட்டான்' என்கிறோம்.

இனிமேல்தான் வழுக்குப் பாறை. 'ஈட் யுவர் வேர்ட்ஸ்' என்கிறார்கள். வார்த்தைக்கு வார்த்தை எடுத்தால் 'உன் சொற்களைச் சாப்பிடு'. 'ஓகோ, தெரியும்! வார்த்தையை விழுங்குகிறாள் என்று நாமும் சொல்கிறோமே!' என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றினால் போச்சு! நாம் வார்த்தையை விழுங்கினால், சொல்ல வந்ததைச் சொல்லாமல் நிறுத்திவிட்டோம் என்று அர்த்தம். இங்கிலீஷ்காரர் வார்த்தையைச் சாப்பிட்டால், முன்பு அடித்துச் சொன்னது தப்பு என்று பிறகு ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். ஒன்று சொல்லாமல் விட்டது. மற்றது சொல்லிவிட்டு வாபஸ் வாங்கியது. இரண்டு இலையிலும் ஒரே பண்டம் போலத்தான் தெரிகிறது. வாயில் வைத்தால் ஒன்று வெல்லம், ஒன்று உப்பு!

'வாட்ஸ் ஈட்டிங் யூ?' என்று யாராவது கேட்டால் பயப்பட வேண்டாம். புலியும் இல்லை, கரடியும் இல்லை. 'உன் மனசை எது அரிக்கிறது?' என்று கரிசனமாக விசாரிக்கிறார், அவ்வளவுதான். கவலைக்குப் பல் உண்டு என்பதில் அவர்களுக்கும் நமக்கும் அபிப்பிராய பேதமே இல்லை.

ஹிந்தியில் தின்றால் தமிழில் வாங்கு

ஹிந்திக்காரர் இந்த விஷயத்தில் இங்கிலீஷ்காரரைத் தோற்கடித்துவிடுவார். 'கானா' என்றால் சாப்பிடுவது. அடி சாப்பிடுவார்கள்: 'மார் கானா'. திட்டுச் சாப்பிடுவார்கள்: 'காலி கானா'. ஏமாற்றம் சாப்பிடுவார்கள்: 'தோகா கானா'. சத்தியம் சாப்பிடுவார்கள்: 'கசம் கானா'. ஒருவர்மேல் இரக்கப்பட்டால்கூட இரக்கத்தைச் சாப்பிட்டதாகத்தான் கணக்கு: 'தரஸ் கானா'. சாயங்காலம் காலாற நடந்துவிட்டு வருவது 'ஹவா கானா', அதாவது காற்றுச் சாப்பிடுவது!

நாமோ மெரினாவுக்குக் காற்றைச் சாப்பிடப் போவதில்லை. காற்று வாங்கத்தான் போகிறோம். இந்த 'வாங்கு' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். அவர்கள் அடி தின்றால் நாம் அடி வாங்குகிறோம். அவர்கள் திட்டுத் தின்றால் நாம் திட்டு வாங்குகிறோம். அங்கே லஞ்சம் தின்றால் இங்கே லஞ்சம் வாங்குகிறோம். அங்கே ஒருவன் தொணதொணத்து மூளையைத் தின்றால், இங்கே அவன் நம் பிராணனை வாங்குகிறான்! ஹிந்தியில் 'கானா' செய்யும் உத்தியோகத்தில் பாதியைத் தமிழில் 'வாங்கு' பார்க்கிறது. வாங்குவது என்றால் காசு கொடுத்து வாங்குவது மட்டும் அல்லவே. கை நீட்டிப் பெறுவதும் வாங்குவதுதான். அடியானாலும் காற்றானாலும் நம்மை நோக்கி வருகிறது. வடக்கே அதற்கு வாயைத் திறக்கிறார்கள். நாம் கையை நீட்டுகிறோம்.

வங்காளி நண்பர் இன்னும் ஒரு படி மேலே போவார். அவருக்குத் தண்ணீரும் சாப்பாடு, சிகரெட்டும் சாப்பாடு. 'ஜல் காபோ' என்று அவர் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று அர்த்தம். ஆந்திர சகோதரர்களுக்கும் அடி என்பது தின்னும் பண்டம்தான். 'தெப்பலு தின்னாடு' என்றால் அவன் நன்றாக உதைபட்டான் என்று பொருள்.

'அப்படியானால் தமிழன் மட்டும் அடி தின்னவில்லையா?' என்று கேட்கிறீர்களா? பேஷாகத் தின்றிருக்கிறான்! 'உதை தின்னப் போகிறாய்' என்று பிள்ளைகளை மிரட்டாத தாயார் உண்டா? இலக்கணத்திலும் இதற்கு இடம் உண்டு. கட்டுண்டான், வெட்டுண்டான், கொலையுண்டான் என்று எழுதுகிறோமே, அந்த 'உண்டான்' யார்? சாட்சாத் 'உண்' என்ற சொல்தான்! செயப்பாட்டு வினைக்கு 'படு' எப்படியோ அப்படியே 'உண்' என்றும் பள்ளிக்கூட இலக்கணத்தில் படித்திருப்பீர்கள். திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார், 1856-ல் முதலில் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். வெட்டை உண்டவன் வெட்டுண்டான். கட்டை உண்டவன் கட்டுண்டான்.

உண்பது மட்டுமா? பிறரை உண்ணச் செய்வது 'ஊட்டு'. குழந்தைக்குச் சோறூட்டுகிறோம், பாலூட்டுகிறோம். அந்தக் கையோடு அறிவூட்டுகிறோம், உயிரூட்டுகிறோம், வண்ணமூட்டுகிறோம். மறந்துபோனவருக்கு நினைவூட்டுகிறோம். யோசித்துப் பாருங்கள்: ஞாபகம் என்பது நமக்கு ஒரு கவளம்! 'ரிமைண்ட்' என்ற இங்கிலீஷ் சொல்லில் இந்தத் தாய்க் கை இருக்கிறதா?

வயதைத் தின்னும் தேசம்

கொரியாக்காரர் கதைக்கு வருவோம். அவர்கள் பாஷையில் சாப்பிடுவது 'மொக்தா'. ஒருவருக்கு வயதாகிறது என்பதை 'வயதைச் சாப்பிடுகிறார்' என்பார்கள். பயந்தால் பயத்தைச் சாப்பிட்டார். ஏச்சுக் கேட்டால் ஏச்சைச் சாப்பிட்டார். ஒரு காரியத்தைச் செய்தே தீருவது என்று தீர்மானித்தால், மனசைச் சாப்பிட்டார்! வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்தால் வெப்பத்தைச் சாப்பிட்டுவிட்டார். சித்திரை, வைகாசியில் ஸ்ரீபெரும்புதூர் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான பேச்சு கிடைக்காது.

நம் வாசகிகளுக்கு ரசிக்கும்படியான விஷயம் ஒன்று. கொரியாவில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியமாகக் கடல்பாசி சூப்புக் கொடுப்பார்கள். பிறந்தநாளன்றும் அதையே சாப்பிடுவார்கள். அவ்வளவு மங்களமான பண்டம்! ஆனால் ஒரு மாணவன் 'கடல்பாசி சூப்புச் சாப்பிட்டேன்' என்றால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொல்கிறான் என்று பொருள். பரீட்சையில் போய்விட்டது! பாசி வழுக்கும் அல்லவா? அதனால் பரீட்சை நாளில் அந்தச் சூப்பை ஒதுக்குகிற வழக்கமும் உண்டு. நாமோ பாசி இல்லாமலேயே 'கோட்டை விட்டேன்' என்போம்.

இன்னொன்று. கல்யாண வயதில் ஒரு பையனோ பெண்ணோ இருந்தால், 'எப்போது எங்களுக்கு நூடுல்ஸ் போடப் போகிறாய்?' என்று கொரியப் பெரியவர்கள் கேட்பார்கள். கல்யாண விருந்தில் நூடுல்ஸ் போடுவது அவர்கள் பழைய வழக்கம். 'எப்போது கல்யாணச் சாப்பாடு போடப் போகிறாய்?' என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்பதில்லையா? இலையில் விழும் பண்டம்தான் வேறு. பையனின் சங்கடம் ஒன்றே!

ஜப்பானியரிடமும் ஒன்று கேட்டுக்கொள்ளலாம். போன காரியத்தை விட்டுவிட்டு வழியில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றால், 'வழிப்புல்லைத் தின்கிறான்' என்பார்கள். குதிரை புல்லைக் கண்டால் நின்றுவிடுகிறதே, அது மாதிரி. பள்ளிக்கூடம் விட்டு லேட்டாக வரும் பையனைப் பார்த்து, 'எங்கேடா மேய்ஞ்சுட்டு வரே?' என்று நாம் கேட்கிறோம். தோக்கியோத் தாயாருக்கும் தாம்பரத்துத் தாயாருக்கும் ஒரே கோபம், ஒரே புல்!

இதையெல்லாம் பார்த்துவிட்டு, 'தமிழும் கொரியமும் அக்கா தங்கை' என்று பட்டயம் எழுதக் கிளம்பிவிடக் கூடாது. அப்பாவை அவர்களும் 'அப்பா' என்கிறார்கள் என்பது வாஸ்தவம். அதை வைத்துக்கொண்டு பெரிய மாளிகை கட்ட முடியாது. எல்லா ஊரிலும் மனிதனுக்கு வயிறு ஒன்று. வாய்க்குள் போனது திரும்பி வராது. நல்லதோ கெட்டதோ, உடம்பு அதை ஏற்றுக்கொண்டாக வேண்டும். பட்ட அடியும் அப்படித்தான், கேட்ட ஏச்சும் அப்படித்தான், ஏறிய வயதும் அப்படித்தான். ஆகவே பல தேசத்தாரும் ஒருவரை ஒருவர் கேட்காமலே இவற்றைச் சாப்பாட்டுக் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

தெரியாதது குற்றமா?

இனி விளையாட்டை விட்டுக் கொஞ்சம் நிஜமாகப் பேசலாம்.

இந்தத் தொழிற்சாலைகளில் ஆயிரக் கணக்கில் பெண்கள் வேலை செய்கிறார்கள். தென் ஜில்லாக்களிலிருந்தும் தஞ்சைப் பக்கத்திலிருந்தும் வடக்கேயிருந்தும் வந்த இருபது வயதுப் பெண்கள். பலரும் தாய்மொழியில் படித்து வந்தவர்கள். கூட்டத்தில் மேலதிகாரி இங்கிலீஷில் ஒரு தொடரை வீசுவார். எல்லாரும் தலையை ஆட்டுவார்கள். அர்த்தம் தெரியாத பெண்ணும் ஆட்டுவாள். கேட்டால் 'இதுகூடத் தெரியாதா?' என்பார்களோ என்ற கூச்சம். அறைக்குப் போய் 'நமக்குத்தான் இங்கிலீஷ் வரவில்லை' என்று மனசுக்குள் குமைவாள்.

அந்தப் பெண்ணுக்கு நான் சொல்வது இதுதான்: தங்கையே, தொப்பி தின்பதன் அர்த்தம் படிப்பினால் வருவதில்லை, பழக்கத்தினால் வருவது. எத்தனை பெரிய பட்டம் பெற்றவரானாலும், கடல்பாசி சூப்புக்கும் பரீட்சைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர் சொல்லாமல் அவருக்குத் தெரியப் போவதில்லை. 'பிராணனை வாங்காதே' என்று நீ சொன்னால் உன் மேலதிகாரி போலீசைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்! பேச்சு வழக்கத்தை ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே, தலையை ஆட்டாதே. 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று தைரியமாகக் கேள்.

மேலதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. விருந்தில் அலங்காரமாகப் பேசுங்கள். யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் மிஷினைப் பற்றி, சம்பளத்தைப் பற்றி, லீவைப் பற்றிச் சொல்லும்போது அலங்காரம் வேண்டாம். நிறுத்து என்றால் நிறுத்து, தொடாதே என்றால் தொடாதே என்று தமிழிலும், ஹிந்தி தெரிந்தவர்களுக்கு ஹிந்தியிலும் சொல்லுங்கள். ஓடுகிற மிஷினுக்கு முன்னால் நின்றுகொண்டு மரபுத்தொடருக்குப் பொருள் யோசிப்பது யாருக்கும் நல்லதல்ல.

சாப்பிட்டாயா?

கடைசியாக ஒரு பேச்சு வழக்கம். கொரியாவில் ஒருவரை ஒருவர் பார்த்தால் 'சோறு சாப்பிட்டாயிற்றா?' என்று கேட்பார்கள். அது க்ஷேமலாபம் விசாரிப்பது. 'ஆயிற்று' என்று பதில் சொன்னால் தீர்ந்தது. நம் வீட்டிலும் அதே கதைதான். ஊரிலிருந்து அம்மா போன் செய்கிறாள்.

"ஏட்டி, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்ம்மா."

இந்த இரண்டு வாக்கியத்தை எந்த அகராதியை வைத்து மொழிபெயர்ப்பது? 'நீ நன்றாயிருக்கிறாயா, உன்னை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்' என்பது அம்மாவின் கேள்வி. 'நன்றாயிருக்கிறேன், நீ கவலைப்படாதே' என்பது மகளின் பதில். வாயில் சோறு போயிற்றா இல்லையா என்பது அதில் வரவே இல்லை.

வராமல் போனதால் என்ன ஆகும் என்பதை நாம் ஒரு தடவை பார்த்திருக்கிறோம். 2021 டிசம்பரில், பாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டினால் 150-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. போன தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் தவித்த பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது; 2022 ஜனவரியில்தான் மறுபடி திறந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தங்கள் விதிகளின்படி இல்லை என்று ஆப்பிள் கம்பெனியாரே சொன்னார்கள். பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும்படியான பெரிய விடுதியை சிப்காட் கட்டித் திறந்தது. நல்ல காரியம்தான்.

அந்த டிசம்பருக்கு முன்னாலும் தினந்தோறும் எத்தனை அம்மாக்கள் 'சாப்ட்டியா?' என்று கேட்டிருப்பார்கள்! எத்தனை பெண்கள், தட்டில் இருந்ததைச் சொல்லாமல், 'சாப்ட்டேன்ம்மா' என்று சொல்லியிருப்பார்கள்! அங்கேதான் அவர்கள் வார்த்தையை விழுங்கினார்கள். இங்கிலீஷ் அர்த்தத்தில் அல்ல, நம் அர்த்தத்தில்.

உங்கள் வீட்டுப் பெண்ணோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ வெளியூரில் வேலை பார்த்தால், இன்று ராத்திரி போனில் 'சாப்பிட்டாயா?' என்று கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். அது அன்பின் பேச்சு, இருக்கட்டும். அதற்கு அடுத்தபடி, அகராதி அர்த்தத்திலேயே இன்னொரு கேள்வி கேளுங்கள்:

"என்ன சாப்பிட்டாய்?"